மாப்பிள்ளை நடந்து வந்தால் நஷ்டம் எவ்வளவு?

ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, கார் வாடகைக்கு விடுவது, ஒரு மணி நேரம் ஓடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் தொழில். வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் கட்சி. மற்றவர்கள் இதைப் படித்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டதும், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த பாயின் கார் ஷெட்டில் சேர்ந்தேன். பாய்க்கு உருதுதான் எழுத வரும். ஆகவே ஒப்பந்தக் கடிதம் எழுதுவது என் வேலை. கார் வழியில் நின்றால் கல்யாண வீட்டாரிடம் போய்த் திட்டு வாங்குவதும் என் வேலை. இரண்டாவதுதான் அதிகம். இருந்தது ஒரே கார். கூரை மடக்குகிற பழைய பெரிய கார். யுத்தத்தில் பெட்ரோல் கூப்பன் கிடைக்காததால், பின்பக்கம் ஆளுயர இரும்பு உலை ஒன்றை மாட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினோம். 'ஓட்டினோம்' என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஓடிப்போன பிள்ளை

மாம்பலத்தில் ஒரு கல்யாணம். மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளைப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பெண்ணின் மாமா வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஒப்பந்தத்தை முறித்தவர்கள் அவர்கள். தரமாட்டோம் என்று நான் சொல்லியிருப்பேன். பாய் என்னை அடக்கிவிட்டு, அதே சாயங்காலத்துக்கு வேறொருவர் இரண்டு ரூபாய் கூடவே கொடுத்துக் காரைப் பேசிவிட்டார், நமக்கு நஷ்டமில்லை என்று சொல்லி முழுப் பணத்தையும் எடுத்து நீட்டினார். பாய் இப்படித்தான், கேட்காத உண்மையையெல்லாம் சொல்வார்.

மாமா பணத்தை மடியில் செருகிக்கொண்டார். போகவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கடங்காரன் ஓடினதாலதானே உங்களுக்கு அந்த ரெண்டு ரூபா லாபம்? அதையும் குடுத்துடுங்கோ."

அதே கார்தான் வேண்டும்

அடையாறில் ஒருவர். மூத்த மாப்பிள்ளை வந்த காரிலேயே இளைய மாப்பிள்ளையும் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். அன்றைக்கென்று இன்ஜின் செத்துவிட்டது. வேறு இடத்தில் கெஞ்சி, நன்றாக ஓடுகிற கார் ஒன்றைக் கொண்டுபோனேன். அது கூரை வைத்த கார். மூடின காரில் போனால் மாப்பிள்ளை வருகிறார் என்று யாருக்குத் தெரியும், யாருக்கோ ஜுரம், டாக்டர் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள் என்றார். வாடகையைக் குறைக்கிறோம் என்றேன். தனக்குக் காசு முக்கியமில்லை, வாக்குத்தான் முக்கியம் என்றார்.

கடைசியில் எங்கள் காரில் இரண்டு மாடுகளைக் கட்டினோம். அந்தக் கார் அவ்வளவு ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை. டிரைவர் முனுசாமி ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது சொன்னான்: "இன்னா நைனா, பெட்ரோலும் வாணாம், கரியும் வாணாம், இப்டியே ஓட்டிக்கினு இருக்கலாம் போலகீது."

போட்டோவில் விழுந்த கரி

ஒரு தடவை காற்று மாறி அடித்து, புகை முழுவதும் மாப்பிள்ளையின் சந்தன நிறக் கோட்டில் படிந்துவிட்டது. சலவைக் கூலியைப் பாய் மறுநாளே கொடுத்தார். பிள்ளையின் அப்பாவுக்கு அது போதவில்லை. போட்டோவில் முகம் கறுப்பாக விழுந்துவிட்டதாம். அந்தச் செலவையும் பாய் கொடுத்தார். அப்பா மறுபடி வந்தார். போட்டோ எடுத்தவன் விளக்கைச் சரியாக வைக்கவில்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மனிதனாகவே மதிக்காமல் பாயிடம் சொன்னார்: "இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் என் ரெண்டாவது பிள்ளையோட ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிட்டா. அதுக்கு என்ன குடுக்கறதா உத்தேசம்?"

வக்கீல் சொல்லச் சொல்ல

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் தம் பெண் கல்யாணத்துக்குக் கார் பேச வந்தார். மற்றவர்கள் நான் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் தாமே ஷரத்துகளைச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். குறித்த நேரத்துக்கு இந்தக் கார் கிளம்பாவிட்டால் நஷ்ட ஈடு இருநூறு ரூபாய். காரை விற்றாலும் இருநூறு தேறாது என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதெழுதுதலில் எனக்கு எப்போதும் நல்ல மார்க். அந்தச் சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். பாய் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார். மேளக்காரர்கள் தயார். உலை மட்டும் பற்றவில்லை. கரி மழையில் நனைந்திருந்தது. மூட்டையை மூடாமல் விட்டவன் நான்தான், பொய் சொல்வானேன். மந்தைவெளியில் இன்னொரு திறந்த கார் இருக்கிறது, கால் மணியில் கொண்டுவருகிறேன் என்றேன். வக்கீல் வேண்டாம் என்றார். குதிரைச் சாரட்டு? வேண்டாம். கடைசியில் மாப்பிள்ளையே, நாலு வீதிதானே என்று சிரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். சிநேகிதர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாசலுக்கு வாசல் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். காரில் போனதைவிட நன்றாகவே இருந்தது. வக்கீல் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து என்னிடம் சொன்னார்: "மணி ஆறு நாப்பது. ஞாபகம் வெச்சுக்கோ, நீதான் சாட்சி."

ஊர் சிரித்த நோட்டீஸ்

ஒரு வாரத்தில் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். மாப்பிள்ளை கதியற்றவரைப் போல் தெருவில் நடக்க நேர்ந்தது. ஊரே கண்டு சிரித்தது. அவருக்கு இனி நாலு பேர் மத்தியில் மதிப்பில்லை. ஆகவே இருநூறு ரூபாய். நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன். சிரித்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.

கோர்ட்டில் சொல்லலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது தாம்தானே என்றார். பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து, டயரை உதைத்துப் பார்த்து, நூற்றெழுபதுக்கு மேல் ஒரு காசு கிடையாது என்றார். முனுசாமி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. கரியைப் பற்றி நான் வாய் திறந்தபோது பாய் சொன்னார்: "அது எனக்குத் தெரியும் தம்பி. கார் நாளைக்குப் போயிடும், நீ வேற வேலை பார்த்துக்க."

சம்பந்தி வீட்டில் ஒரு கேள்வி

எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேரே தியாகராய நகருக்கு, மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு நடந்தேன். தந்திரம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டேன், அவ்வளவுதான். உங்கள் பிள்ளையைப் பார்த்து ஊரே சிரித்ததாக வக்கீல் எழுதியிருக்கிறார், யார் யார் சிரித்தார்கள் என்று சொன்னால் காரை விற்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும் என்றேன். அவர் ரிடையரான தாசில்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "நம்ம பிள்ளைக்கு மதிப்பில்லைன்னு அவனோட மாமனாரே கோர்ட்டுக்குச் சொல்லப் போறாராம், வந்து கேளு."

சாயங்காலமே வக்கீல் எங்கள் ஷெட்டுக்கு ஓடி வந்தார். நோட்டீஸ் டைப் அடித்தவனின் தப்பாம், இருநூறு ரூபாய் வேண்டாமாம். தாசில்தார் வீட்டில் அப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. மாப்பிள்ளை நடந்து வந்தது தம் குடும்பத்துக்கே பெருமை என்று கைப்பட எழுதிக் கொண்டுவந்து, பாயையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெருமைக்கு நாங்கள்தானே காரணம், அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். வக்கீல் பாயைப் பார்த்தார். பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்: "பையன் பேச்சை விடுங்க சாமி. கார் ஓடல, வாடகை வேணாம். மேளக்காரங்க நடந்தே வந்தாங்க, அவங்களுக்கு ஏதாச்சும் சேர்த்துக் குடுங்க."

ஒப்பந்தம் மீறியவனை என்ன செய்யலாம் என்று சட்டத்தில் எத்தனையோ வழி இருக்கும். ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள், தங்கள் நஷ்டத்தைக் கோர்ட்டில் சொல்வதற்கு முன் சம்பந்தி வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.