ஒரே நடையில் முடிந்திருக்கும்

கிடைக்கும் என்று தெரிந்தே, கிடைக்காது என்று சொன்னேன். சொன்னது செல்வியிடம். என்னோடு ஒரே மில்லில் பல வருடம் வேலை பார்த்தவள், எதிர்வீட்டுக்காரி, கணவனை இழந்து ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவள். இப்போதே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள், அல்லவா? வந்திருந்தால் சரிதான். ஆனாலும் முழுவதையும் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லை மூடினார்கள். ஆர்டர் இல்லையாம். நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்த எங்களை வரிசையாக நிற்க வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்ததால், வேலை போனவர்களுக்குக் கொஞ்ச காலம் உதவித்தொகை உண்டு என்று யூனியன்காரர் சொன்னார். மனு கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். கெடு தாண்டினால் கிடையாது.

முதல் நாள் செல்வியையும் கூப்பிட்டேன். அவளுக்கு மூட்டுவலி. "நீங்க போயிட்டு வந்து வெவரம் சொல்லுங்கக்கா, பொறவு நான் போறேன்" என்றாள்.

அந்தப் 'பொறவு' எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன, இவளுக்கு வழி பார்த்துச் சொல்லும் தூதுவரா?

போனேன்... அந்த அலைச்சலை என்னவென்று சொல்வது! மில் பதிவில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அந்த ஒரே ஆள் நானே எதிரில் நிற்கிறேனே! சான்றோடு போன நாளில் சர்வர் வேலை செய்யவில்லை. சர்வர் வேலை செய்த நாளில் சார் லீவு. சர்வரும் சாரும் சேர்ந்து வந்த நாளில் ஓடிபி என் போனுக்கு வரவில்லை. எப்போதோ தொலைத்த சிம்முக்குப் போனதாம். அந்த நம்பரை மாற்ற வேறோர் அலுவலகம். அங்கே டோக்கன் தீர்ந்துவிட்டது. வெறும் வயிற்றோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் வழியெல்லாம் பால்கோவா வாசனை. பசியில் அதை முகர்ந்தால் ஆண்டாள் மீதே கோபம் வரும், எனக்கு வந்தது.

ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது செல்வி வாசலில் நிற்பாள். ஆயிற்றா என்பாள். அடுத்து என்ன கேட்டார்கள் என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன்.

கடைசியாக ஒரு நாள் மனுவை வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் மொதல்லயே கொண்டாந்திருந்தா ஒரே நடையில முடிஞ்சிருக்கும்லம்மா" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரை அறையலாம் போலிருந்தது எனக்கு.

திரும்பும் பஸ்ஸில் அதே பேச்சு மண்டைக்குள் சுற்றியது. ஒரே நடை! எனக்கு இல்லாத அந்த ஒரே நடை யாருக்குக் கிடைக்கப்போகிறது? செல்விக்கு. எந்த நம்பரை முதலில் மாற்ற வேண்டும், சான்று எங்கே வாங்க வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். நான் சொல்லிவிட்டால் போதும். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். நான் செருப்புத் தேய அலைந்தது அவளுக்காகவா?

அவளுக்குக் கொடுத்தால் எனக்குக் குறையப் போவதில்லை. பத்துப் பைசா குறையாது! தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் செய்திருந்தால் இன்று உங்கள் முன்னால் ஏன் நிற்கிறேன்?

வாசலில் நின்ற அவளிடம் கேட்காமலே சொன்னேன்.

"போகாதட்டி. ஒண்ணும் கெடைக்காது. நான் நாயா அலைஞ்சதுதான் மிச்சம்."

அவள் முகம் வாடியது. உடனே, "அப்ப இன்னைக்கும் சாப்பிடாமத்தான வந்திருப்பீக" என்று உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் புளிக்குழம்பும் போட்டு எடுத்து வந்தாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை குழம்பு கேட்டும் வாங்கினேன்... சீ!

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அடுத்த வாரம் என்று நினைத்தேன். பணம் வந்துவிட்டதாக என் போனில் குறுஞ்செய்தி வந்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என்னவென்று கேட்டாள், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதாம் என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்! அதற்குள் கெடு தாண்டிவிட்டது. அதன் பிறகு சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தில் ஒரு நிம்மதி கூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

செல்வியின் மகள் கவிதா கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். செல்விக்கு மறுபடி வேலை அமைவதற்குள் ஃபீஸ் கட்டும் நாள் வந்தது, அந்தச் சில மாதங்களைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருடமும் போய்விட்டது. இப்போது கவிதா தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறாள்.

எனக்குச் செட்டியார்பட்டியில் வேலை. இருவருக்கும் ஒரே பஸ். இதைவிட வேறு தண்டனை வேண்டுமா என்று கேட்காதீர்கள். தினமும் பார்க்கிறேன், தினமும் சோறும் இறங்குகிறது. இது தண்டனையில் சேராது.

இன்று காலையும் கூட்டம். என்னைப் பார்த்ததும் கவிதா எழுந்தாள்.

"உக்காருங்க பெரியம்மா."

வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை, என் பையை வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க மட்டும் தடுக்கலைன்னா, இந்த மூட்டுவலிய வச்சுக்கிட்டு நானும் வில்லிபுத்தூருக்கு அலைஞ்சே செத்திருப்பேன்னு அம்மா இன்னமும் சொல்லும். உக்காருங்க."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது, பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

அவள் இருக்கையில் உட்கார்ந்தேன். நாளைக்கும் அவள் எழுந்திருப்பாள். நாளைக்கும் நான் உட்காருவேன்.