மேஸ்திரி மேல் விழுந்த பழி

விருத்தாம்பாளின் சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது மரக்காணம் உப்பளத்து ஆட்கள். வரப்பு மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். உப்பள முதலாளியின் மேஸ்திரியும் அப்படித்தான் நடப்பார். இரண்டு பேருமே ஒரு கூடை உப்பு தூக்கி நான் பார்த்ததில்லை.

விருத்தாம்பாளும் அவள் புருஷன் ராஜாங்கமும் அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தார்கள். அவர் பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுவார். அவள் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவாள். பிள்ளை இல்லை. கோழிகள் இருந்தன, மேஸ்திரி இருந்தது. ராஜாங்கம் அந்தச் சேவலைப் பார்க்கும் பார்வையில் பாசம் இருக்காது, மிளகும் மல்லியும்தான் இருக்கும். கையை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று விருத்தாம்பாள் சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

என் தங்கை ஜோசப்பின் பாண்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்தாம் வருஷம். பரீட்சைக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது கோழிக் கருவில் முதல் ரத்தம் உண்டாகும் கதையை. அதற்குக் கரு கூடிய முட்டை வேண்டும். கடையில் விற்கும் பண்ணை முட்டை எல்லாம் சேவல் முகத்தையே பார்க்காத கோழி இட்டது. என் சைக்கிள் கடைக்கு எதிர்வீடுதான் விருத்தாம்பாள் வீடு. நான் போய்க் கேட்டேன்.

"எதுக்குப்பா ரத்தத்தப் பாக்கணும்?" என்றாள்.

வாரக்கடைசியில் ஊருக்கு வந்த ஜோசப்பினே விளக்கினாள். "ரத்த அணு மூச்சுக்காத்த சொமக்குது இல்லக்கா, அப்ப அதுக்குள்ளயே கொஞ்சம் விஷமும் உண்டாவுது. அத ஒடைச்சுத் தண்ணியும் காத்துமா ஆக்க உள்ளயே ஒரு பொருள் இருக்குது. கேட்டலேஸ்னு பேரு. காவக்காரன் மாதிரி. குஞ்சு பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, எப்ப அவன் வேலைக்கு வர்றான்னு பாக்கறேன்."

"நம்ம வாட்ச்மேன விடச் சீக்கிரம்தான் வருவான்" என்றாள் விருத்தாம்பாள். நல்ல முட்டைகளாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

பாண்டிக்குக் கொண்டுபோகும் வேலையை ராஜாங்கம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பாண்டியில் இல்லை. படிப்புக்கு உதவ வேண்டும் என்ற ஆசை அவருக்குத் திடீரென்று வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முதல் தடவை கொண்டுபோன முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து மூன்றாம் நாள் உடைத்தால் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. ஜோசப்பின் முகம் வாடி வந்தாள். "கருவே கூடலக்கா. சேவல்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டாள்.

ராஜாங்கம் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். "நான் அப்பவே சொன்னேன். நடை மட்டும்தான், வேலைக்கு ஆவாது. ஞாயித்துக்கெழமை எங்கக்கா வர்றா. கொழம்பு வெச்சிடு" என்றார்.

அவருடைய அக்கா ஆண்டாள் திண்டிவனத்துக்காரி. வரும்போதெல்லாம் மலடி என்ற சொல்லை எங்காவது ஒரு மூலையில் வைத்துவிட்டுத்தான் போவாள். தம்பிக்கு இன்னொரு பெண் பார்ப்பதாகக்கூட ஒரு தரம் கிளம்பினாள். விருத்தாம்பாளை எந்த டாக்டரும் சோதித்ததில்லை. ராஜாங்கத்தைச் சோதிக்கலாம் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அன்று அவள் சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னைய அப்டித்தான் சொன்னாங்க. யாரு பாத்தாங்க? இத அப்டி விடமாட்டேன். இன்னொரு தபா முட்ட தரேன். நானே எடுத்தாறேன். அப்பவும் ரத்தம் இல்லன்னா நானே அறுக்கறேன்" என்றாள்.

அடைக்கு வைப்பதுபோலவே கூடையில் உமி பரப்பி முட்டைகளை அடுக்கினாள். இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டாள். பாண்டி பஸ்ஸில் யாரையும் பக்கத்தில் உட்கார விடவில்லை. கண்டக்டர் கூடையைக் கீழே வைக்கச் சொன்னதற்கு அவர் வாங்கிய பேச்சைப் பெரிய முதலியார்சாவடி தாண்டும்வரை பஸ்ஸே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டாள் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ராஜாங்கம் கத்தியைத் தீட்டி முடித்திருந்தார். மேஸ்திரி கவிழ்த்த கூடைக்குள் கொக்கரித்துக்கொண்டிருந்தது. சர்ச்சில் பூசை முடிந்த நேரத்தில் ஜோசப்பின் பஸ்ஸை விட்டு இறங்கினாள். டிபன் டப்பாவில் பஞ்சு சுற்றி, இன்குபேட்டரில் மூன்று நாள் இருந்த சில முட்டைகள், கையில் ஒரு சின்ன பாட்டில். நேராக விருத்தாம்பாள் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எல்லோரும் பார்க்க ஒரு முட்டையைத் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கருவின் மேல் வட்டமாகச் சிவப்பு இழைகள். நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜோசப்பின் ரத்தத்தைக் கொஞ்சம் தனியே எடுத்து, பாட்டிலில் இருந்த புண் கழுவும் மருந்தை அதன் மேல் ஒரு சொட்டு விட்டாள். பொங்கி நுரைத்தது.

"நான் சொன்ன விஷந்தான் இந்த மருந்துல இருக்குது. அத ஒடைக்கறதாலதான் நுரைக்குது. காவக்காரன் வந்துட்டான்க்கா" என்றாள். "மேஸ்திரி மேல ஒரு கொறையும் இல்ல."

ராஜாங்கம் கத்தியை மெதுவாகப் பின்னால் மறைத்தார்.

"அப்ப முன்னாடி ரெண்டு தபா இன்னா ஆச்சு?" என்று விருத்தாம்பாள் கேட்டாள்.

ஜோசப்பின் ராஜாங்கத்திடம் திரும்பினாள். "மாமா, நீங்க எப்டி எடுத்தாந்தீங்க?"

"பத்திரமாத்தான் எடுத்தாந்தேன்" என்றார் அவர். "ஒடையக் கூடாதுன்னு அம்பாரத்துல காய்ஞ்ச உப்ப அள்ளிப் போட்டு உள்ள பொதைச்சேன். நடு மத்தியானம். கைய வெச்சா சுட்டுது. கோழியும் சூடுதான குடுக்குது, நல்லதுன்னு நெனைச்சேன்."

பங்குனி வெயிலில் எங்கள் உப்பு அம்பாரத்தின் மேல் வெறுங்காலை வைத்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

"கரு பஸ் ஏறும்போதே அவிஞ்சிருக்கும் மாமா" என்றாள் ஜோசப்பின். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

விருத்தாம்பாள் போய்க் கூடையைத் தூக்கிச் சேவலை வெளியே விட்டாள். பிறகு நாத்தனார் எதிரில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பாத்தியா அண்ணி. முட்டையில குத்தமில்ல. சேவல்லயும் குத்தமில்ல. வெச்ச எடந்தான் சரியில்ல. இத்தினி வருசமா என்னையே சொல்றியே, ஒரு நாளாவது உன் தம்பியக் கேட்டிருக்கலாம் இல்ல?"

ஆண்டாள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். ராஜாங்கம் தட்டிலிருந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். எங்களையும் உட்கார வைத்து இலை போட்டாள். ஆண்டாள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். எப்போதும் ஓடிப்போய் எடுத்து வரும் ராஜாங்கம் அன்று இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.