கவிதாவுக்கும் ஒரு இலை

விருந்துச் சமையலில் உப்புக் கூடினால் திட்டு விழும், காரம் கூடினால் தண்ணிக் குடம் காலியாகும். என்னைப் போல் கரண்டி பிடிக்கிற உங்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. ஆனால் தொண்ணூறுகளில் மதுக்கரையிலிருந்து வந்த ஒரு ஆர்டர் என்னை ஆட்டி வைத்துவிட்டது.

கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது

சரசு அம்மணி புதுவீட்டு விருந்துக்குப் பேச வந்தார், எட்டு வயசு மகள் கவிதாவோடு. பிள்ளைக்குக் கோதுமை, மைதா, பால், நெய் எதுவும் ஒத்துக்காது. தின்றால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தனியாக உட்காருமாம். மொத்த விருந்தையும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிற மாதிரியே செய்துவிடலாம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முந்திக்கொண்டு கவிதா கேட்டாள்: "அப்ப எனக்கும் இலை போடுவீங்களா மாமா?"

அரிசி மாவு ஒப்புட்டு

ஒப்புட்டுக்கு, அதாவது போளிக்கு, மைதாவுக்குப் பதில் அரிசி மாவு, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். வாயால் சொல்வது சுலபம். தட்டினால் விரிசல், திருப்பினால் தூள். பூரணம் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். நாலாவது தடவையும் கல்லிலேயே பொடிந்ததைப் பார்த்து, என்கூட வேலை செய்யும் மருதாசலம் சொன்னான்: "அண்ணா, இதைய கரண்டியில அள்ளித்தானுங்க போடோணும்."

ஒரு கேரியர் சாப்பாடு

ஒப்புட்டுக்குப் பதில் இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தவையும் தேங்காய்ப்பாலும் என்று முடிவு செய்து, விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கேரியரில் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குச் சரசு அம்மணியிடமிருந்து போன். ரசஞ்சோறு தின்ற கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். சாமி சத்தியமாய் நான் ஒரு துளி நெய் விடவில்லை, ஒரு சிட்டிகை மைதா தொடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சரசு அம்மணி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்களை நம்பித்தானுங்க ஊட்டிவிட்டேன்" என்றார்.

ரஷீது பாய் கண்டுபிடித்தது

உக்கடத்தில் எனக்கு மளிகை போடும் ரஷீது பாயிடம் போய், சேர்த்த சாமானையெல்லாம் ஒப்பித்தேன். மிளகு, சீரகம், பெருங்காயம் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏனுங்க மாஸ்டர், கட்டிப் பெருங்காயத்துல மைதா மாவு கலந்துதானுங்களே வருது?"

அடப்பாவமே! முப்பது வருஷமாய்ப் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றுகிறேன், எனக்கு அது தெரியாது. நேராய் மதுக்கரைக்கு பஸ் ஏறி, தப்பு என்மேல்தான் என்று ஒத்துக்கொண்டேன். இனி பெருங்காயமே கிடையாது, பூண்டு தட்டிப் போடுகிறேன் என்றேன். மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு சரசு அம்மணி, "சரிங்க. இந்த வாட்டி நானும் அடுப்படியில நிக்கறேன்" என்றார்.

பந்தி

விருந்தன்று கவிதா பட்டுப்பாவாடையோடு பந்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறும் பருப்பும் விழுந்தன. அப்போது பார்த்து அவிநாசியிலிருந்து வந்த அத்தை ஒருத்தர், வீட்டிலிருந்தே கொண்டுவந்த நெய்ச்சொம்போடு, "நெய்யில்லாம என்ன விருந்து, ஒரு சொட்டு உட்டுக்க கண்ணு" என்று கரண்டியைச் சாய்த்துவிட்டார். நான் பாய்ந்து தோள்துண்டை இலைக்கு மேலே நீட்டினேன். நெய் முழுக்கத் துண்டிலும் என் கையிலும்; இலையில் ஒரு சொட்டும் விழவில்லை. பந்தியே திகைத்துப் பார்த்தது. கவிதா மட்டும் நிமிர்ந்து சொன்னாள்: "துண்டை எடுங்க மாமா, சோறு ஆறிப்போகுது."

விருந்தில் சமைப்பது பாதி வேலைதானுங்க. சமைத்ததைப் பாசக்காரச் சொந்தங்களிடமிருந்து காப்பாற்றுவது மீதிப் பாதி.