ஒரு தட்டு, ரெண்டு தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ராயகிரியில் அஞ்சாம் வகுப்பு முடித்ததும் பருத்தி எடுக்க ஆள் காணவில்லை என்று என்னையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு படிப்பு சரி. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன், நடுவில் மறந்தும் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். நேரில் என்றால் இதில் கால்வாசி கூடப் பேசியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது.

இன்றைக்குக் காலையில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. வாரியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சிமெண்டுத் தரையில் ஒரு கை அகலத்துக்கு ஆயில் கறை இருக்கிறது. வண்டி நின்ற இடம். வண்டி போய் எட்டு நாள் ஆகிறது. சோப்புத்தூள் போட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. சாரல் பட்டதும் அந்தக் கறையிலிருந்து ஊதாவும் ரோஸும் மஞ்சளுமாகக் கலர் கிளம்பி, மெதுவாக நடை வரைக்கும் படர்ந்து வந்தது. பெருக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிர்வீட்டுக்காரி, "என்ன ஆச்சி, காசு கீசு தொலைச்சிட்டியளா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆயில் சொட்டும் என்று அவர் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பார். பிஸ்கட் பெட்டி அட்டை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். கவருமெண்டு பஸ்ஸில் கண்டக்டர். முப்பது வருசத்துக்கு மேல் தோளில் பையை மாட்டி மாட்டி இடது தோள் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கும். சட்டை தைக்கிற டெய்லரே அதைப் பார்த்துத்தான் அளவு எடுப்பார். இன்ஜின் சத்தத்திலேயே நின்று காதும் மந்தமாகிவிட்டது. வீட்டில் நான் மெதுவாகப் பேசுகிறவள், அவருக்குக் கேட்காது. எங்கள் வீட்டில் சண்டை வந்ததே இல்லை என்று ஊரில் சொல்லுவார்கள். காரணம் இதுதான்.

"இத்தன வருசம் அடுத்தவன் ஓட்டுத வண்டியில நின்னுக்கிட்டே போயிருக்கேன். இனி நான் ஓட்டணும், ஒக்காந்து ஓட்டணும்" என்று ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலையோடு வந்து நின்று சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். ரெண்டாவது மாசம், முன்னூற்றைம்பது சிசியாம், கறுப்பில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது அவர் இல்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற இசக்கி. இவர் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தார், ஜன்னலோரச் சீட்டு கிடைத்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு அந்த இசக்கிதான் இலஞ்சிப் பக்கம் ஒரு பொட்டலில் வைத்து அவருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தான்.

பின்னால் நான் உட்கார வேண்டும் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஐம்பது வயசு தாண்டிவிட்டது, தெருவே பார்க்கும், அந்த வண்டியில் எப்படி ஏறுவேன்? முதல் நாள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவர் மேல் படாமல் ஒரு சாண் இடம் விட்டு, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சேலைத் தலைப்பை வாயில் கடித்திருந்தேன். குற்றாலம் போகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அருவிக் காற்று முகத்தில் பட்டதும்தான் வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்தது.

அவருக்கோ காது மந்தம். அதன் மேல் ஹெல்மெட் வேறு. நான் பின்னாலிருந்து கத்தினாலும் கேட்காது, நான் கத்துகிறவளும் இல்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஏட்டி, இனி நீதான் கண்டக்டர். ஒரு விசிலு நில்லு, ரெண்டு விசிலு போ. விசிலுக்குப் பதிலா முதுகுல தட்டு." அவர் ஆயுசு பூரா டிரைவருக்குச் செய்தது அது. அந்த வேலையை அப்படியே எனக்குத் தந்துவிட்டார். நான் சேலையை ஒதுக்கி, காலை மிதிகம்பியில் வைத்து, ரெண்டு தட்டு தட்டினால்தான் வண்டி நகரும். அதற்கு முன்னால் நகரவே நகராது, யார் பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் சரி. "எங்க கண்டக்டர் இன்னும் ரைட் குடுக்கல" என்று திரும்பிச் சொல்லுவார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. செங்கோட்டைக்குப் போய் நேந்திரங்காய் வத்தல் வாங்கிக்கொண்டு வரும்போது பெட்ரோல் பங்கில் நான் இறங்கி நின்றேன். அவர் வெள்ளைச் சட்டை முதுகில் ஏதோ தூசி. மனுசர் நாலு பேர் முன்னால் அழுக்கோடு போகிறாரே என்று கையால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. நான் வத்தல் பையோடு அங்கேயே நிற்கிறேன். கூப்பிட வெட்கம், கூப்பிட்டாலும் கேட்காது. இலஞ்சி வரைக்கும் எங்கிட்ட பேசிக்கொண்டே போயிருக்கிறார். மகனுக்குப் பெண் பார்க்கிற விசயத்தை முழுசும் சொல்லி முடித்துவிட்டு, பதில் இல்லையே என்று திரும்பிப் பார்த்தாராம். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டிக்கெட்ட பாதி வழியில எறக்கி விட்டுட்டனே, செக்கிங் இன்ஸ்பெக்டர் மெமோ குடுத்துருவானே" என்றார்.

"ஆள் ஏறலன்னு கூடவா தெரியல?"

"ஒனக்கு என்ன கனம் இருக்கு? ஒரு படி அரிசிக் கனம்."

அன்றைக்குத்தான் பங்கில் இருந்த பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழற்றுவார். "ஏட்டி, சொளவ எடு" என்று சத்தம் வரும். அரிசி புடைக்கிற சொளகுதான். அதில் நட்டும் போல்ட்டும் கழற்றின வரிசையிலேயே வைக்க வேண்டும். வரிசை அவருக்கு மறந்துபோகும், எனக்கு மறக்காது. பருத்தியை வகைவகையாகப் பிரித்து வைத்துப் பழகின கை. செயினுக்கு ஆயில் விடும்போது நான் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொடுப்பேன். சாரல் காலத்தில் பிளக் நனைந்து வண்டி கிளம்பாது. அதைக் கழற்றி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதி, என் மூக்குப் பக்கம் நீட்டுவார். "கருகின வாட வருதா, பச்ச பெட்ரோல் வாட வருதா?" அவருக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கும் வேலை செய்யாது. காது நான், மூக்கு நான். பிறகு அந்தச் சொளகில் அரிசி புடைக்க முடியாமல் புதுசு வாங்கினோம்.

இப்படி ஏழெட்டு வருசம். அப்புறம் அவருக்கு இடது முட்டி விட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தும்போது கால் ஊன்றினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். நான் பின்னாலிருந்து பார்க்கிறேனே, எனக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் போலீசில் இருக்கிறான், சென்னைப் பக்கம். லீவில் வந்தவன் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுச் சொன்னான்.

"ரோட்டுல நாங்க அள்ளுததெல்லாம் நீ பாத்ததில்லம்மா. அப்பா இனி அந்த வண்டிய எடுக்கக் கூடாது. நான் சொன்னா சண்டைக்கு வருதாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொல்லவில்லை. இந்த மாசம் போகட்டும், இந்தச் சாரல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவருக்கு அந்த வண்டிதான் உயிர் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. ஊருக்குள் தலையைக் குனிந்து நடக்கிறவள், அதில் உட்கார்ந்தால் மலையை நிமிர்ந்து பார்ப்பேன்.

அந்த வருசச் சாரலில் ஐந்தருவிக்குப் போனோம். சீசன் கூட்டம். ரம்புட்டான் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பஜ்ஜி வாங்கித் தின்றோம். கிளம்பும்போது அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் தள்ளினார். சரிவான இடம், தரையெல்லாம் சோப்புத் தண்ணியும் எண்ணெயும். இடது கால் வழுக்கி முட்டி மடங்கிவிட்டது. வண்டி சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சடாரென்று விழவில்லை. அவர் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார், அது மெல்ல மெல்லச் சாய்ந்து அவர் காலையும் கீழே போட்டு அமுக்கிவிட்டது. சைலன்சர் சூடு காலில் பட்டு அவர் அலறினது மட்டும் எனக்கு இன்னும் கேட்கும். வெளியூர் ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருத்தர், "பெரிசு, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இந்த வண்டி?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். இவர் ஹெல்மெட்டைச் சீக்கிரமாக மாட்டிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ரெண்டு தட்டு. வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டினார். அன்றைக்கு நான் கம்பியைப் பிடிக்கவில்லை, அவர் தோளைப் பிடித்திருந்தேன். பை மாட்டி இறங்கின தோள்.

வாசலுக்கு வந்து வண்டியை ஸ்டாண்டு போட்டார். நான் இறங்கி நின்றேன். அவர் இறங்கவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை. நேரே பார்த்துக்கொண்டே, "என்னட்டி சொல்லுத?" என்றார்.

வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. முதுகு ஈரமாக இருந்தது. கையை வைத்தேன். ஒரு தட்டு.

இன்ஜினை அணைத்தார். சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கண்டக்டர் சொன்னா டிரைவர் கேட்டுத்தான் ஆகணும்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வண்டி தெருவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் காலையில் என்னிடம் சாவியை வாங்கி, ஸ்டாண்டில் நிற்கிற வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், பேட்டரி செத்துவிடும் என்று. ஞாயிற்றுக்கிழமை சொளவும் வரும். ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வா, ஏறு" என்றார். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஆளு பாக்குது" என்று நான் உள்ளே போய்விட்டேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. அடுத்த பங்குனியில் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

வண்டி நின்றுகொண்டே இருந்தது. துரு ஏறவிடாமல் துடைத்தேன். மகன் சொல்லிச் சொல்லி, கடைசியில் போன வாரம் இசக்கி செங்கோட்டையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர் நல்ல மாதிரி. வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருந்திருக்காவ" என்றார். ஏறி உட்கார்ந்து, "வரட்டுமா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். என் கை தன்னால எழும்பிவிட்டது. ஊரான் முதுகு ஆயிற்றே என்று மடக்கிக்கொண்டேன். அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

சத்தம் தெருமுனை தாண்டினதும் இசக்கி சொன்னான்: "அண்ணாச்சி வண்டிய நிறுத்துன அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா ஆச்சி. பின்னால ரெண்டு பக்கமும் சின்ன வீலு வச்சுக் குடுத்திருப்பேன். கால் ஊனவே வேண்டாம். கடைசி வரைக்கும் ஓட்டியிருப்பாவ."

அப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பாரே.

இப்போது வாசல் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொளவு கேட்டுச் சத்தம் வருவதில்லை. அருவியில் தண்ணி விழுகிறது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள், நான் போகவில்லை. பஸ்ஸில் போகலாம்தான். அதில் கண்டக்டர் வேறு ஆள்.

இதைப் படிக்கிறவர்களில் வண்டி விசயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். பிளக், செயின், சிசி எல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் நீங்களே திருத்திவிடலாம், எனக்கு ஒன்றுமில்லை. அந்த வீல் விசயம் மட்டும் நன்றாக விசாரியுங்கள். அவ்வளவு கனமான வண்டிக்கு அப்படி வைக்க முடியுமா, வைத்தால் சாயாமல் இருக்குமா என்று. முடியாது என்றால் எனக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள். முடியும் என்றால், எழுத வேண்டாம்.