ஜன்னலக்கா கேட்காத மீதி

ஜன்னலக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தாண்டி அதற்கு வேலை இருந்ததில்லை. தையல் ஷெட்டில் அத்தனை பேருக்கும் அவள் ஜன்னலக்காதான்.

அவள் சேர்ந்த காலத்தில் அந்தத் தகரக் கொட்டகையின் ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்திருந்தார்கள். திறந்து வைத்தால் துணியை வெளியே வீசித் திருடிவிடுவார்களாம். உள்ளே நூல் தூசி, இஸ்திரி ஆவி, அத்தனை பெண்கள் விடுகிற மூச்சு. ஒரு வெயில் காலத்தில் காலர் தைக்கிறவள் ஒருத்தி மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஜன்னலக்கா எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மேனேஜர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“துணி வெளிய போயிடும்னு ஜன்னலை அடைச்சீங்க சார். உசிரு வெளிய போனா பரவாயில்லையா?”

சங்கம் கட்டுக் கட்டாகத் துண்டறிக்கை போட்டும் அசையாத ஆணிகள் அந்த ஒரு கேள்விக்கு அசைந்தன. அந்த வாரமே பிடுங்கினார்கள். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

இப்பேர்ப்பட்டவள்தான் தன் உடம்பு விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்றாள். பக்கத்து மிஷினில் தைக்கிற தம்பி பெண்டாட்டி விடவில்லை. கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். இன்னும் அந்த இடத்தைத் தாண்டவில்லை, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டரம்மா.

அங்கே ஓர் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. கட்டிக்குள் எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று ‘பெட்’ (PET) ஸ்கேனில் பார்க்கிற ஆராய்ச்சி. ஆக்சிஜன் குறைந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிற மருந்து ஒன்றை, துளி கதிரியக்கம் சேர்த்து, ஊசியில் ஏற்றுவார்கள். அது தங்கிய இடம் படத்தில் ஒளிரும்.

“இதனால உங்களுக்கு உடனே லாபம்னு சொல்ல முடியாதும்மா. பின்னால வர்றவங்களுக்கு உதவும்” என்றார் டாக்டரம்மா.

பின்னால் வருகிறவர்கள் என்றால் ஜன்னலக்காவுக்குப் போதும். கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்டபின் மருந்து ஊறும்வரை வெகுநேரம் ஓர் அறையில் தனியாகப் படுத்திருக்க வேண்டும். தடித்த சுவர், கனத்த கதவு.

“இங்கயும் ஜன்னல் இல்லையா தம்பி?” என்று ஸ்கேன் எடுக்கிற பையனைக் கேட்டாள்.

“வெச்சா கதிர் வெளிய போயிடும்க்கா.”

“எங்க மேனேஜரும் இதையேதான் சொன்னான், துணி வெளிய போயிடும்னு. நீங்கள்லாம் ஒரே பள்ளிக்கூடமா?”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வினை ஆரம்பித்தது. படம் முடிந்ததும் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். டாக்டரம்மா சொல்லுவாங்க என்று நழுவினான். விடுவாளா?

“சும்மா சொல்லு. நான் என்ன, போஸ்டர் அடிச்சா ஒட்டப் போறேன்?”

“நடுவுல நல்லா ஒளிருதுக்கா. அங்க காத்தே போகல. கட்டிக்கு மூச்சு முட்டுது.”

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதில் பொய்யில்லை.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலக்காவின் முகத்தில் ஒரு தெளிவு. “அதுக்கே மூச்சு முட்டுதாம்டீ. தானா சாகப்போறதுக்கு எதுக்கு எனக்குக் கதிரு கிதிருன்னு கரண்ட் வைக்கணும்?”

“டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க அண்ணி?”

“படம் எடுத்தவனே சொன்னான். அதுக்கு மேல என்ன?”

அவள் அப்படி நினைக்க விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜன்னல் பக்கச் சுவரை மறைத்து நூல் வைக்கிற ரேக் நிறுத்தப்போகிறார்கள் என்று ஷெட்டில் பேச்சு. கதிர்வீச்சு என்றால் வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும். தான் இல்லாத நேரம் பார்த்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். ரேக் விஷயம் முடியட்டும், அதற்குள் கட்டியும் செத்திருக்கும் என்று கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி திட்டினாள், அழுதாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை.

சில மாதம் போய், இடுப்பு வலி ஆரம்பித்திருந்த சமயம். ஒருநாள் மதியம் கரண்ட் போய், மின்விசிறிகள் நின்றன. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, “ஐயோ, மூச்சு முட்டிச் செத்துடுவேன் போல” என்று துப்பட்டாவால் விசிறிக்கொண்டாள்.

“போடி, மூச்சு முட்டினா செத்துடுவாங்களா?” என்றாள் தம்பி பெண்டாட்டி. “ஜன்னலுக்கு ஆணி அடிச்சிருந்தப்போ நீ வந்து பாத்திருக்கணும். அதுல ஒருத்தியாவது செத்தோமா? இன்னும் முரடாத்தான் ஆனோம். மேனேஜரே பயந்துட்டான்!”

ஷெட்டே சிரித்தது. ஜன்னலக்கா சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், மூச்சு முட்டினால் கட்டி தானாகச் செத்துவிடாதா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“மூச்சு முட்டுற இடம்தாம்மா முரட்டு இடம். கதிர் வேலை செய்யவே ஆக்சிஜன் வேணும். அது இல்லாத இடம் கதிருக்கு லேசுல மசியாது. அது எங்க இருக்குன்னு பாக்கத்தான் அந்தப் படம்.”

மறுபடி எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் வயிற்றின் நெறிக்கட்டிகள் வரை ஏறியிருந்தது.

“அன்னைக்கே வந்திருந்தா?”

“இன்னைக்கு வந்திருக்கீங்கல்ல. இங்கிருந்து ஆரம்பிப்போம்.”

ஆயுசு முழுக்க மேனேஜர்களோடு மல்லுக்கு நின்றவள். கேட்ட கேள்விக்குப் பதில் வராததே பதில் என்று அவளுக்குத் தெரியாதா?

ஸ்கேன் பையன் நடைக்கூடத்தில் அவளைக் கண்டதும் வெளிறிப்போனான். “நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்க்கா.”

“நீ சொன்னது சரிதான் தம்பி. மீதியை நான் கேக்கல. மேனேஜர் பாதிப் பேச்சுல நிறுத்தினா சட்டையைப் பிடிச்சு மீதியைக் கக்க வைப்பேன். உன் பாதிப் பேச்சு மட்டும் எனக்குத் தோதா இருந்துச்சு.”

சிகிச்சை தொடங்கியது. முன்பு சொன்னதைவிடப் பெரிய இடத்துக்குக் கதிர், முன்பு சொன்னதைவிடச் சின்ன நம்பிக்கை. வார்டுக்கு வந்த தம்பி பெண்டாட்டியிடம் முதலில் கேட்டது இதைத்தான்:

“ஜன்னல் தெறந்திருக்கா?”

“தெறந்துதான் இருக்கு அண்ணி.”

“ரேக்?”

“எந்த ரேக்கு? ஆபீஸ்ல விசாரிச்சேன். அப்படி ஒரு யோசனையே இல்லையாம். யாரோ சும்மா கிளப்பி விட்டது.”



“அதையும் நான் போய்க் கேக்கல பாரு” என்றாள் ஜன்னலக்கா.