கட்டைவிரலில் சுண்ணாம்பு

கமலவேணிக்கு நாலு நாளாக எரிச்சல். பட்டுக்கடையில் பதினோரு வருஷமாக மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவள். கழிவறை மூன்றாம் மாடியில். ஏறி இறங்குவதற்குள் கல்யாணக் கூட்டம் அடுத்த மெத்தைக்குப் போய்விடும் என்று, முகூர்த்த மாசங்களில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்பாள். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள். இத்தனை வருஷம் அதற்குக் கேட்டது. இந்தத் தடவை கேட்கவில்லை. போனால் நாலு சொட்டு, உயிர் போகிற கடுப்பு, உடனே மறுபடி முட்டிக்கொண்டு வரும்.

"மூணாவது தடவை," என்றான் சூப்பர்வைசர் மாணிக்கவேல். அவளைவிடப் பத்து வயது சின்னவன். "மேல இன்னா, சொந்தக்காரங்க குடியிருக்காங்களா?"

"சூடு சார்."

"எங்க எல்லாருக்கும் ஏசி, உங்களுக்கு மட்டும் சூடா?"

பக்கத்து மெத்தைகளில் சிரித்தார்கள். இந்தக் கடுப்பு இவனுக்கு ஒரே ஒரு நாள் வரட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள் கமலவேணி.

மத்தியானம் குளிர் தூக்கிப்போட்டது. விலாவுக்குப் பின்னால் யாரோ முட்டியால் இடிக்கிற மாதிரி வலி. மடித்துக்கொண்டிருந்த அரக்குப் புடவை கை நழுவிக் காலில் விழ, முந்தானையில் வெள்ளையாக ஒரு இழுப்பு.

"பட்டுல சுண்ணாம்பா?" பெண் வீட்டார் எதிரிலேயே கத்தினான் மாணிக்கவேல். "காலைக் கழுவிக்கினு வாங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போங்க."

பக்கத்து மெத்தை சத்யப்ரியா அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். "இது சூடு இல்லக்கா. ஜுரம் கொதிக்குது."

"போறேன்," என்று எழுந்தாள் கமலவேணி.

"போனா அப்படியே போயிடுங்க," என்றான் மாணிக்கவேல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவகியும் கொஞ்சவில்லை. முதுகில், விலாவுக்குக் கீழே ஒரு தட்டு, கமலவேணி துள்ளினாள். கால் நகத்தைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"கிருமிம்மா. மூத்திரப்பையோட நின்னிருக்கும், விட்டுட்டீங்க, கிட்னிக்கு ஏறியிருக்குது. சுண்ணாம்பு கால்லதான் நிக்கும், அங்க போய்ச் சேராது. யூரின் டெஸ்ட் குடுங்க. ரெண்டு நாள் இங்கயே ஊசி, அப்புறம் மாத்திரை. எரிச்சல் போச்சுன்னு நடுவுல நிறுத்தினா திரும்பி வரும். தண்ணி குடிங்க, வந்தா அடக்காதீங்க."

"கடையில விடமாட்டாங்க டாக்டர்."

"கிட்னி கடையோடதா?"

கடைசி மாத்திரையும் தீர்ந்த மறுநாள் கடைக்குப் போனாள். முகூர்த்த மாசத்தில் வேறு ஆள் கிடைக்காமல் மாணிக்கவேல் பல்லைக் கடித்துக்கொண்டு மெத்தையைக் காட்டினான். தண்ணீர் பாட்டிலை மெத்தை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குள் பாதி காலி. ஒரு அம்மாள் பதினாறாவது புடவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்தாள்.

"கஸ்டமர் உட்கார்ந்துக்கினு இருக்காங்க," என்றான் அடிக்குரலில்.

"நீங்களும் ஒரு காலத்துல மெத்தையில உட்கார்ந்தவருதானே சார். விரிங்க."

அவன் முறைத்தான். அவளும் முறைத்துவிட்டுத்தான் படி ஏறினாள். இரண்டாவது மாடி திரும்பும்போது கீழே அந்த அம்மாளின் குரல் கேட்டது: "தம்பி, இந்தப் பச்சைய இன்னும் நல்லா விரிச்சுக் காட்டுப்பா."