மாமாவுக்குப் பிடிக்காத இறால்

என் மாமனார் இராஜாங்கம் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நினைவு நாளுக்குப் பந்தல் வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டாம், அவருக்குப் பிடித்ததை மட்டும் சமைத்து விளக்கு வைக்கிற நேரத்தில் படைத்தால் போதும் என்று அத்தை சொல்லிவிட்டார். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்தப் பிடித்தது எது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அத்தை மீனின் வால் துண்டைத் தனியாக எடுத்து வைத்தார். மாமாவுக்கு வால் என்றால் உயிராம். என் கணவர் பரிதி, அடிப்பிடித்த சோறு இல்லாமல் அப்பாவுக்கு இலை போடவே கூடாது என்றார். எட்டாவது படிக்கிற என் மகள் தமிழ்நிலா, தாத்தாவுக்குப் பாகற்காய்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு இத்தனை காலம் வடித்துக் கொட்டியவள் நான், எனக்குத் தெரியாதா? மாமாவுக்கு உப்புத் தூக்கலான ரசம் பிடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் கைதவறி உப்பைக் கொட்டிவிட்டேன். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தபோது அவர் மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அவர் பங்கில் மட்டும் ஒரு கை உப்புக் கூடப் போட்டு வந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அடுப்படியில் குரல்கள் ஏறின. நிலாதான் நடுவில் புகுந்து, ஒவ்வொருவரையும் வக்கீல் மாதிரி விசாரித்தாள். அப்பாயி வால் துண்டு சாப்பிடுவாரா? அது ஒரே முள், யார் தின்பார்கள் என்றார் அத்தை. அடிப்பிடித்த சோற்றை அப்பா தொட்டதுண்டா? கிடையாது என்று பரிதி ஒப்புக்கொண்டார். பாகற்காயை அவளே தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவள். என் ரசத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“தாத்தாவுக்கு இதெல்லாம் பிடிக்கலம்மா. நாம வேண்டாம்னு ஒதுக்கினத அவங்க எடுத்துக்கிட்டாங்க.”

இத்தனை வருஷமும் அந்த நல்ல மனிதரை உப்புக்கண்டம் போட்டிருக்கிறேனே!

அவர் அப்படித்தான். பிறத்தியார் பண்ணையில் ஏர் ஓட்டி வளர்ந்தவர். பிறகு முத்துப்பேட்டை மெஹராஜ் பேகத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார், ஒரு பழைய டிராக்டர் வாங்கினார், பரிதியை இன்ஜினியராக்கினார். சம்பா நடவு நெருங்கிவிட்டால் ஊரே சேற்றுழவுக்கு அவரைத் தேடும். அவர் முதலில் போவது தெற்குத் தெரு வேம்புவின் வயலுக்கு. புருஷன் வெளியூரில், அவளுக்கு உழுது தர வேறு ஆள் இல்லை. எங்கள் வயலுக்குக் கடைசியில்தான் டிராக்டர் வரும். அத்தை கத்துவார். ‘நம்ம வயலு எங்க ஓடிடப் போவுது’ என்பார் மாமா. நிலாவைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போகும்போது, வெயிலில் மொபெட் சீட் சுடும் என்று துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அவருக்கென்று ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஒரு நாளாச்சும் அவருக்குப் புடிச்சத அவரு எலயில வச்சிடணும் மதி. கூடவே வாழ்ந்து, எனக்கு அதுகூடத் தெரியலயே” என்று என்னிடம் அழுதார்.

மணி நாலைத் தாண்டியிருந்தது. அழுதுகொண்டிருந்தால் காரியம் ஆகுமா? பிடித்தது தெரியாவிட்டால் போகிறது, பிடிக்காதது எது என்று நான் கேட்டேன். அவர் வாயால் வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான் என்றார் அத்தை. இறால். கல்யாணமான புதிதில் இறால் தின்று அத்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறார்கள். அடுத்த நாளே மாமா சொல்லிவிட்டாராம், தனக்கும் இறால் வாசனையே ஆகாது, இனி இந்த வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று. அதுவரை தின்றுகொண்டுதானே இருந்தார் என்று கேட்டேன்.

பரிதி அதற்குள் மெஹராஜ் பேகத்துக்குப் போன் போட்டுவிட்டார். ஒவ்வொரு அறுவடைக்கும் குத்தகை நெல்லோடு மாமா அங்கே போவார், சாப்பிடாமல் அந்த அம்மா விடமாட்டார். ஸ்பீக்கரில் முதலில் வந்தது சிரிப்பு.

“யாருக்கு எறா புடிக்காது, எங்க அண்ணனுக்கா? அரிசி மாவுல எறா வச்சி வாடா சுடுவோம்ல, அத வாசல்லயே கேட்டுக்கிட்டுதான் தம்பி உள்ள வருவாரு. தின்னு முடிச்சிட்டு கொல்லக் குழாயில சோப்பப் போட்டுத் தேய்ப்பாரு பாரு, தோலு உரிஞ்சிடும். அம்சத்துக்கு ஆகாது, வாசம்கூடப் போவக் கூடாதும்பாரு.”

அம்சம் என்பது அத்தையின் பெயர். அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். இருட்டுவதற்குள் அந்த வாடா வந்தாக வேண்டும் என்றார். போனிலேயே விஷயத்தைக் கேட்ட மெஹராஜ் பேகம், நீங்கள் அங்கிருந்து கிளம்புங்கள், நான் இங்கே எண்ணெயைக் காய வைக்கிறேன், ஆட்டோவில் பாதி வழி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பரிதி வண்டியை எடுத்தார், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். அறுவடைக் காலம், ரோடெல்லாம் வைக்கோல் லாரி. வழிவிடாமல் போகிற லாரிக்காரரைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பரிதியே திரும்பிப் பார்த்தார். சூரியன் தென்னைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்து உப்புக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பிராயச்சித்தம். ஆற்றுப் பாலத்தில் ஒரு ஆட்டோ நின்றது. மெஹராஜ் பேகம் இறங்கி நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்குவாளியை உயர்த்திக் காட்டினார். சூடு குறையவில்லை. நானும் வருவேன் என்று ஆட்டோவிலேயே எங்கள் பின்னால் வந்தார்.

வாசலில் நிலா நின்றுகொண்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றியாயிற்று என்று கத்தினாள். மாமாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை காலியாகக் கிடந்தது. வால் துண்டையும் பாகற்காயையும் அத்தை வைக்க விடவில்லை. நான் எடுத்து வைக்கிறேன், உங்களுக்குக் கை தடித்துவிடும் என்று தூக்குவாளியைப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு, வாடாவை அவரே எடுத்து இலையில் வைத்தார். படத்தை நேராகப் பார்த்தார்.

“பொய்யிலயே குடும்பம் நடத்திட்டீங்க. சூடா இருக்கு, சாப்புடுங்க.”

சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். மெஹராஜ் பேகம் சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப் பக்கம் போனார். விரல்கள் தடித்திருக்குமோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இப்புடித்தான நின்னுருப்பாரு அங்க” என்றார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். நான் குழாயை மூடவில்லை.